முதல் கம்பியின் குறை

ஜூன் 2, ஞாயிறு

இந்தப் பெரிய கிட்டாரை மாற்றிவிடுவது என்று இன்று முடிவுசெய்துவிட்டேன்.

காலை ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து வலது தோள் கடுக்கிறது. அந்தப் பெட்டியின் வயிறு அத்தனை பெரிது. நாற்பத்தேழு வயதில் அதை மடியில் சாத்தி, அதன் மேலாகக் கையை எட்டிப்போட்டு வாசிப்பது நிறைமாதக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. தோளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சத்தம்தான் சரியில்லை. பாடகர் குழுவோடு சேர்ந்து அடித்துக்கொண்டு போவதற்கு இது போதும். எனக்கு வேண்டியது அது இல்லை. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் நடந்துகொண்டே இருக்க, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை எடுக்க வேண்டும். மஸ்கட்டில் நர்ஸ் விடுதியில் என்னோடு அறையில் இருந்த ஜோசலின் அப்படித்தான் வாசிப்பாள். பிலிப்பைன்ஸ்காரி. ட்யூட்டி முடிந்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ப்ளூஸ் வாசிப்பாள், அவள் ஊர் நாட்டுப்பாட்டு வாசிப்பாள். ஒரே கிட்டாருக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்வதுபோல் கேட்கும். அவளுடையது சின்ன உடம்பு, ஒடுங்கிய இடுப்பு. தடித்த கம்பிகளின் பேஸ் முழங்கிப் பாட்டை அமுக்காது. எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அதில்தான்.

என்னுடையதில் பேஸ் மட்டும் முழங்குகிறது. எல்லாவற்றிலும் மெல்லிய முதல் கம்பி செத்தே போய்விட்டது. இந்த வருஷம் மூன்று தடவை புதுக் கம்பி மாட்டியாகிவிட்டது, பிரயோசனமில்லை. ஆற்றங்கரை ஈரத்தில் மரம் கெட்டிருக்க வேண்டும்.

தவசிங்கிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ஏதோ முணுமுணுத்தார்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

மின்வாரியத்தில் நாளெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன், வீட்டில் வாய்க்குள்ளேயே பேசுகிறார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஆண்களுக்கு இப்படி ஆகும்போலிருக்கிறது.

ஜூன் 5, புதன்

வீட்டுக்குள் எங்கேயோ ஒரு சில்வண்டு புகுந்திருக்கிறது. சில நாளாகவே ஓயாத சத்தம். தவசிங்கைப் பீரோவை நகர்த்தச் சொன்னேன். பின்னால் பல்லி முட்டை ஓடும் மகள் ஷைனி பள்ளிக்கூடத்தில் படித்தபோது தொலைத்த காம்பஸும்தான் கிடைத்தன. "எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே" என்றார்.

இவர் எதைத்தான் காதில் வாங்கினார்!

ஜூன் 9, ஞாயிறு

மத்தியானம் ஜங்ஷனுக்குப் போய் ஒரு கடையில் பார்த்தோம். சின்ன உடம்பில் ஒன்றே ஒன்று வைத்திருந்தான். மேல் பலகை ஸ்ப்ரூஸ் மரம், வெளிர் மஞ்சள். மடியில் வைத்ததுமே தோள் இறங்கி, கை தானாக அதன் இடத்துக்கு வந்தது. இதுதான் என்று நினைத்தேன்.

வாசித்தேன். பேஸ் அளவாக இருந்தது. முதல் கம்பியில் நகம் படுகிற "டிக்" மட்டும் வந்தது, அதற்குப் பிறகு வர வேண்டியது வரவில்லை.

"கம்பி பழசு" என்றேன்.

"நேத்துதான் மேடம் மாட்டுனேன். மணி மாதிரி இருக்கே!"

விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாவம் வேறு கம்பியும் மாட்டிக்காட்டினான். அதுவும் அப்படியே. எழுந்து வந்துவிட்டேன்.

தவசிங்கின் ஸ்கூட்டரில் திரும்பினோம். வண்ணார்பேட்டை வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தித் திரும்பி என்னைப் பார்த்தார். "என்ன?" என்றேன். "சரி, விடு" என்று மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். கிட்டார் வாங்குவதில் விருப்பமில்லையென்றால் வாயைத் திறந்து சொல்லலாமே.

ஷைனி சென்னையிலிருந்து போன் பண்ணினாள். ஹாஸ்டலில் சிக்னலே இல்லை. "அப்பாட்ட பேசு" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

இட்லிக்கு ஊறப்போட்டேன். சீருடை இரண்டு செட் தேய்த்தேன்.

வார்டில் எட்டுக் கட்டிலும் நிறைந்திருக்கின்றன. ஐ.சி.யு.வுக்கு அடுத்த படி எங்கள் வார்டு, எல்லோருமே கண்காணிப்பில் இருக்க வேண்டியவர்கள். இன்சார்ஜ் சிஸ்டர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். "அடுத்து யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல" என்று மேட்ரன் ஞானதீபம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

மாரிச்செல்வி என்று புதுப் பெண் ஒருத்தி, சேர்ந்து எட்டு மாதம்தான். வேலை சுத்தம், கை பதறாது. ஆனால் மாஸ்க்குக்குள் வார்த்தையை விழுங்கி விழுங்கிப் பேசுகிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாமே அப்படித்தான். "வாயத் திறந்து பேசுட்டி" என்று இன்றும் அதட்டினேன். அவள் மாஸ்க்கைக் கீழே இறக்கிச் சொன்னாள். தெளிவாக இருந்தது.

ஜூன் 19, புதன்

எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் மாறிப்போகும்.

இரண்டாம் கட்டில் சொரிமுத்து, அம்பாசமுத்திரத்துக்காரர். சிறுநீரகத்தில் தொற்று, ரத்த அழுத்தம் நிற்கவில்லை. அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் மருந்து சிரிஞ்ச் பம்ப்பில் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டில் மாரிச்செல்வியின் பொறுப்பு. சாப்பாட்டு நேரம் முடிந்து, நான் மேஜையில் சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன். கட்டில் எனக்குப் பின்னால் நாலு எட்டுத் தூரம். அட்டெண்டர் சாப்பிடப் போயிருந்தார்.

திடீரென்று யாரோ என் தோளை உலுக்கினார்கள். மாரிச்செல்வி. கையில் ரத்தப் பை. அவள் கத்துகிறாள், பம்ப்பின் சிவப்பு விளக்கு மின்னுகிறது, சிரிஞ்ச் காலி. அழுத்தம் அறுபதுக்குக் கீழே போய்விட்டது. மனிதர் சாம்பல் நிறமாகிக் கிடந்தார். டாக்டர்கள் ஓடி வந்தார்கள். நான் காலைத் தூக்கிப் பிடித்தேன், மாரிச்செல்வி புது சிரிஞ்சை ஏற்றினாள். ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனோம். உயிர் இருக்கிறது. ஆனால் சிறுநீரகம் சுத்தமாக நின்றுவிட்டதாம், டயாலிசிஸ் போட்டிருக்கிறார்கள். வராந்தாவில் அவர் மனைவி யாரைப் பார்த்தாலும் கும்பிட்டபடி நின்றாள்.

கைகழுவுகிற இடத்தில் மாரிச்செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், சொல்லிட்டுத்தான போனேன்! பிளட் பேங்க் போறேன், மருந்து முடியப்போவுது, அடுத்த சிரிஞ்ச் ட்ரேல ரெடியா இருக்கு, பாத்துக்கோங்கன்னு சொன்னேன்லா!"

"எங்கிட்ட எப்பச் சொன்ன?"

"உங்க பின்னால நின்னு சொன்னேன். நீங்க தலைய ஆட்டுனீங்க சிஸ்டர்!"

தலையாட்டினேனாம். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அலாரமும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காதா? இருபத்தைந்து வருஷமாக இந்தச் சத்தங்களுக்கு நடுவில்தான் இருக்கிறேன்.

ட்ரேயில் நிரப்பிய சிரிஞ்ச் இருந்தது உண்மைதான். அதனால் என்ன? நிரப்பி வைத்துவிட்டுச் சொல்ல மறந்திருப்பாள்.

ஜூன் 20, வியாழன்

சின்னப் பெண், பயந்துபோய்ப் பொய் சொல்கிறாள். தப்பை ஒத்துக்கொண்டால் நானே அவளுக்காகப் பேசுவேன்.

ஜூன் 22, சனி

விசாரணை மேட்ரன் அறையில் நடந்தது. கண்காணிப்பாளர் டாக்டரும் வந்திருந்தார். கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர் அந்தப் பம்ப்பை மேஜைமேல் வைத்து, காலி சிரிஞ்சைப் பொருத்தி ஓடவிட்டார். விளக்கு மின்னியது. "அலாரம் சரியாத்தான் இருக்கு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

"அப்ப அன்னைக்கு ஏன் அடிக்கல?" என்று டாக்டர் கேட்டார்.

"அடிச்சிருக்கும் சார்" என்றாள் மாரிச்செல்வி. "நான் வரும்போதே அடிச்சிட்டுத்தான் இருந்துச்சு. எதிர்க் கட்டில் அம்மாகூட, குயில் மாதிரி ஏதோ கத்திக்கிட்டே கெடந்துச்சுன்னாங்க."

அந்த அம்மாவுக்கு வயது எழுபத்தெட்டு. ராத்திரி எது, பகல் எது என்று தெரியாத கேஸ். இதை நான்தான் சொன்னேன்.

பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன நெனைக்கீங்க சிஸ்டர்?"

போகும்போது அவள் அலாரத்தை நிறுத்திவைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றேன். சின்னப் பிள்ளைகள் சத்தம் தாங்காமல் அப்படிச் செய்வதுண்டு. வேறு எப்படி இருக்க முடியும்? எனக்குக் கேட்கவில்லையே.

மாரிச்செல்வி அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கிட்டாரை எடுத்தேன். அந்தச் சனியன் முதல் கம்பி. வைத்துவிட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

நாகர்கோவிலில் ஒரு கடையில் சின்ன உடம்பு கிட்டார்கள் நாலைந்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். தவசிங் தானாகவே கிளம்பினார். ஆச்சரியம்.

கடைக்காரர் பெயர் ரெஜின். வாசிக்கத் தெரிந்தவர். என்ன வாசிப்பேன் என்று கேட்டுவிட்டு மூன்றை இறக்கிக் கொடுத்தார். முதலாவது பார்லர் என்கிற வகை. மூன்றிலும் சின்னது, விரல் வைக்கும் கட்டைகளில் பன்னிரண்டாவதிலேயே கழுத்து உடம்போடு சேர்ந்துவிடும். மடியில் பூனைபோல அடங்கியது. ஆனால் கழுத்து குறுகல், என் விரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. இரண்டாவது கொஞ்சம் பெரிது, ஸ்ப்ரூஸ் பலகை. கம்பிகளுக்கு நடுவில் நல்ல இடைவெளி. மூன்றாவது முழுக்க மஹோகனி, காப்பிக்கொட்டை நிறம். அது வாசிக்கும்போது விலாவில் அதிர்ந்தது.

மூன்றிலும் முதல் கம்பி செத்திருந்தது.

சொன்னேன். ரெஜின் நெற்றியைச் சுருக்கினார். இரண்டாவதை வாங்கி அவரே வாசித்தார். "எக்கா, இது இந்தக் கடையிலேயே நல்ல சாதனமாக்கும். மேல் சத்தம் எப்படித் துள்ளுது பாருங்க" என்று, முதல் கம்பியைப் பன்னிரண்டாம் கட்டையில் அழுத்தாமல் விரல் நுனியால் தொட்டு மீட்டினார். பிறகு இன்னும் மேலே. பிறகு அதற்கும் மேலே. அவர் விரல் அசைவதைப் பார்த்தேன். கடைசி இரண்டு தடவை அசைவு மட்டும்தான் இருந்தது.

தற்செயலாகத் தவசிங்கைப் பார்த்தேன். சங்கீதம் என்றால் காத தூரம் ஓடுகிறவர், கதவோரம் நின்று முகமெல்லாம் விரிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கம்பி நின்ற பிறகும் அது எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல அவர் கண் கூரையைப் பார்த்தது.

"பிறகு வாரோம்" என்று எழுந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் தவசிங் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பியூலா, என் மூஞ்சியப் பாரு. நான் பேசுதது கேக்குதா?"

"நல்லாக் கேக்குதே. எதுக்கு?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு துண்டை இறக்கினார்.

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லல. என்னைச் சோதிக்கீங்க."

"ரெண்டு தடவ சொன்னேன். உன் பேரத்தான் சொன்னேன்."

பக்கத்து மேஜைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை பேருக்கு நடுவில் நாடகம். ஸ்டெதஸ்கோப்பில் துல்லியமாக அழுத்தம் பார்க்கிறவள் நான். அதில் வரும் துடிப்பு எவ்வளவு மெதுவானது என்று இவருக்குத் தெரியுமா? ஊர்வரை ஜன்னலைப் பார்த்தபடி வந்தேன்.

ஜூலை 1, திங்கள்

காதில் அழுக்கு. கழுவிவிட்டால் சரியாகிவிடும்.

ஜூலை 6, சனி

நம் ஆஸ்பத்திரியில் காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று மதுரைக்குப் போனோம். முதலில் காதைக் குடைந்து பார்த்தார்கள். அழுக்கு இல்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்தார்கள். காதில் மாட்டிய கருவியில் சத்தம் வரும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். வெளியே ஒரு பெண் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதலில் 'ம்ம்ம்' என்று தடித்த சத்தங்கள். எல்லாவற்றுக்கும் அமுக்கினேன், தைரியம் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. இடைவேளை விட்டிருக்கிறாள் என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் கை ஓயாமல் குமிழைத் திருகிக்கொண்டிருந்தது.

கீழ்ச் சத்தங்கள் நன்றாகக் கேட்கின்றன, மேல் சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன என்றாள். நரம்பு. திரும்ப வராது. காது மிஷின் வைத்துக்கொள்ளலாம். சில்வண்டைப் பற்றிக் கேட்டேன். அது வீட்டில் இல்லையாம், எனக்குள் இருக்கிறதாம்.

"இத்தன நாள் எப்படிச் சமாளிச்சீங்க? ஆள் உதட்டப் பாத்துக்கிட்டே பேசுறீங்க, தெரியுமா?"

தெரியாது.

"பின்னால நின்னு, மாஸ்க் போட்டுக்கிட்டு ஒருத்தர் பேசினா?" என்று கேட்டேன்.

"சத்தம் வர்றது தெரியும். வார்த்தை கிடைக்காது."

"பம்ப் அலாரம் மாதிரி?"

அவள் என் காதின் அளவைக் குறித்திருந்த தாளில் கோடு சரிந்து விழும் இடத்தைப் பேனாவால் காட்டினாள்.

மத்தியானம் எங்கே சாப்பிட்டோம் என்று நினைவில்லை. பஸ்ஸில் தவசிங் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அவள் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

ஜூலை 9, செவ்வாய்

மேட்ரன் கூப்பிட்டு, பதினைந்தாம் தேதியிலிருந்து நீங்கள்தான் இன்சார்ஜ் என்றார். நன்றி சொன்னேன். மாரிச்செல்வியின் விஷயம் இந்த வாரத்தோடு முடிந்துவிடுமாம். வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். "பொண்ணு இன்னும் அதே பொய்யப் பிடிச்சிட்டு நிக்குது" என்றார்.

சொரிமுத்துவுக்கு இன்னும் டயாலிசிஸ் நடக்கிறது.

கேஸ் சிலிண்டர் வந்தது. மாவு அரைத்தேன்.

"சொன்னியா?" என்றார் தவசிங், எனக்கு முன்னால் வந்து நின்று.

"நாளைக்கு."

என் இருபத்தைந்து வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? காது கேட்காத நர்ஸை எந்த வார்டில் வைத்துக்கொள்வார்கள்? அவளுக்கு இருபத்துநாலு வயது, எங்கே போனாலும் வேலை கிடைக்கும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்தார்.

ஜூலை 12, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மேட்ரனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"பியூலா, உங்களுக்கு என்ன பைத்தியமா? இப்ப வந்து சொல்லுதீங்க. எல்லாம் முடிஞ்ச கத. சத்தமில்லாம மிஷின மாட்டிக்கிட்டு வேலையப் பாருங்க. ஆஸ்பத்திரி பேரையும் நெனைச்சுப் பாக்கணும்லா?"

ஒரு நிமிஷம் அந்த நாற்காலியிலேயே இருந்தேன். சரி என்று சொல்லிவிட எத்தனை ஆசையாக இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். பிறகு அவர் பின்னாலேயே வர, நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். அவள் சொன்னது உண்மை. அலாரம் அடித்தது. எனக்குக் கேட்கவில்லை. அவள் அதை நிறுத்தியதை நான் பார்க்கவில்லை, நானாக இட்டுக்கட்டினேன்.

டாக்டர் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "சொரிமுத்து வீட்டுக்கும் சொல்லணுமே சிஸ்டர்" என்றார்.

"நானே சொல்லுதேன் சார்."

சொன்னேன். அவர் மனைவிக்கு அப்போதும் கும்பிடத்தான் தெரிந்தது. அவள் மகன் கும்பிடவில்லை. என்ன திட்டினான் என்பது முழுதாகக் கேட்கவில்லை. அவன் உதட்டைப் பார்க்கவும் என்னால் முடியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

வெளிநோயாளிப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். காலை முதல் மாலை வரை அழுத்தம் பார்ப்பது, எடை பார்ப்பது. இன்சார்ஜ் வேறொருவர். என் பேரில் மருத்துவக் குழு விசாரணை நடக்கும், அதன் பிறகு இதுவும் இருக்குமோ என்னமோ. சொரிமுத்துவுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறதாம், வாரம் ஒரு டயாலிசிஸ் போதும் என்கிறார்கள். செலவு முழுவதையும் ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டது.

மாரிச்செல்வியைத் திரும்ப வரச் சொல்லிக் கடிதம் போனது. அவள் வரவில்லை.

காது மிஷின் வந்துவிட்டது. தட்டு வைத்தால் இடி, செய்தித்தாளைப் புரட்டினால் தீப்பிடித்ததுபோல ஒரு சத்தம். குக்கர் விசிலுக்குக் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டேன். ஷைனியிடம் அரைமணி நேரம் பேசினேன். "அம்மா, ஒரு வருஷமா எங்கூடப் பேசவே உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன்" என்று அழுதாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வீரவநல்லூரில் மாரிச்செல்வியின் வீட்டுக்குத் தனியாகப் போனேன். அவள் அம்மா உள்ளே கூப்பிட்டாள். மாரிச்செல்வி வாசற்படியிலேயே நின்றாள். என் காதில் மிஷினைப் பார்த்தாள். அதன் பிறகு சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அந்த மரியாதையைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"கோயமுத்தூர்ல வேல கெடச்சிட்டு. அடுத்த வாரம் போறேன்."

"என்ன மன்னிச்சிரு மாரி. நீ சொன்னது எனக்குக் கேக்கல."

"தெரியும் சிஸ்டர். லெட்டர்ல போட்டிருந்தாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "எங்கம்மாவே கேட்டா, நெசமாவே சொல்லிட்டுத்தான் போனியாட்டின்னு. பத்து நாள் போனதும் எனக்கே தெரியல. சொன்னேனா, சொல்லணும்னு நெனச்சுட்டு ஓடிட்டேனான்னு. படுத்தா அவரு மூஞ்சிதான் வரும். நாமதான் கொல்லப் பாத்தோம்னு நெனச்சுட்டுக் கெடந்தேன்."

அவள் உதட்டைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

"காது கேக்காதது நோவு. அதுக்கு உங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். அலாரத்த நான் நிறுத்துனேன்னு சொன்னீங்கள்லா, அது நோவு இல்லல்லா சிஸ்டர்?"

"இல்ல" என்றேன்.

தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வர முடியவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கிட்டார் வேண்டாம் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த நேரத்தில் எனக்கென்ன பாட்டு? தவசிங் கேட்கவில்லை. "நீ வாசிக்காம இருந்தா அந்தப் பிள்ளைக்கு என்ன கெடைக்கப்போவுது?" என்று காலையிலேயே பஸ் ஏற்றிவிட்டார்.

ரெஜினிடம் விஷயத்தை நேராகச் சொன்னேன். அவர் சங்கடப்படவில்லை. மிஷினோடு முதலில் ஸ்ப்ரூஸை வாசித்தேன். முதல் கம்பி கேட்டது. ஆனால் தகரத்தில் ஆணி கிழிப்பதுபோல் கேட்டது. ஜோசலினின் கிட்டாரில் நான் கேட்ட சத்தம் இனி எந்த மரத்திலிருந்தும் வராது. கடையில் வைத்துத்தான் அது எனக்கு உறைத்தது. மிஷினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டேன்.

ரெஜின் என் எதிரில் ஸ்டூலை இழுத்துப்போட்டார். "எக்கா, கம்பியெல்லாத்தையும் ரெண்டு படி இறக்கிக் கட்டிப் பாப்போமா? பாட்டையும் முதல் கம்பியில எடுக்காம ரெண்டு, மூணுல எடுங்க. உங்களுக்குக் கேக்குத இடத்துக்குப் பாட்டக் கொண்டுவருவோம்."

மஹோகனியை இறக்கிக் கட்டினார். அதில் மேல் சத்தம் இயல்பாகவே குறைவுதான். போன தடவை அதனாலேயே ஒதுக்கிவைத்தேன். இப்போது கட்டைவிரல் நடக்க, பாட்டு நடுக் கம்பிகளில் கரகரத்த பெண்குரல்போல் வந்தது. பலகை விலாவில் அதிர்ந்தது. எனக்குத் தெரிந்த ப்ளூஸ் இல்லை அது. ஆனாலும் முழுதாகக் கேட்டது.

"ஸ்ப்ரூஸ்தான் கேக்க நல்லாருக்கு" என்றார் தவசிங், மறைக்காமல்.

"தெரியும். எனக்கு இது."

"அப்ப இதையே வாங்கு."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, விளக்கு வைத்ததும் அவரை எதிரில் உட்காரவைத்து வாசித்தேன். வாசிக்கும்போது வீரவநல்லூர் வாசற்படி கண்முன்னால் வந்தது. அது இனி வந்துகொண்டுதான் இருக்கும்.

முடித்ததும் தவசிங் தயங்கினார்.

"நடுவுல ஒரு இடத்துல தப்பா விழுதோ?"

"எங்க?"

அவருக்கு இடம் சொல்லத் தெரியவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே அந்தத் துண்டை மட்டும் பாடிக்காட்டினார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. மறுபடி வாசித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். பாட்டு முதல் கம்பிக்கு ஏறுகிற ஒரே இடத்தில் இரண்டாவது விரல் ஒரு கட்டை தள்ளி விழுந்திருந்ததுபோலிருக்கிறது. நகர்த்தி வைத்தேன்.

"இப்ப?"

"இப்பச் சரி."

எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்டன. அவர் சொன்னதை நம்பி, விரலை அங்கேயே வைத்துக்கொண்டு மேலே வாசித்தேன்.